நகராத அறையும் நைனாவின் காகிதமும்

மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது நாங்கள் சற்றுத் தயங்கினோம். குறுந்தொகையைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் எழுத வல்லவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பொறியும் எண்ணெயும், பிறந்த ஊரைப் பற்றிய சில நினைவுகளுமே. எனினும், எங்கள் கேம்பர் வண்டியின் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆறே வரிகள், எழுத்துப் பிழைகள் மலிந்த தமிழ். அதை எழுதியவர் எங்கள் தந்தையார். அந்தக் காகிதம் பிறந்த கதையைச் சொல்லலாம் என்று துணிந்தோம். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து தங்கும் பெற்றோர் நம் எல்லோருக்கும் உண்டு. ஆதலால் இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அன்று என்று நம்புகிறோம்.

எங்கள் ஊர் திருச்சானூர். திருப்பதியிலிருந்து கூப்பிடு தொலைவு என்றே சொல்லிவிடலாம். பத்மாவதித் தாயார் கோயிலும் பத்ம சரோவரமும் ஊரின் நடுவே இருக்க, அவற்றைச் சுற்றி வாழ்க்கை நடக்கும். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் நிலையை இங்குப் பிறந்த பிள்ளைகளுக்கு விளக்குவது எளிதன்று. 1911-ஆம் ஆண்டு வரை அந்த மண் வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதன்பின் சித்தூர் மாவட்டம் தனியே பிரிந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அம்மாவட்டம் அதனோடு சென்றது. 1960-இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. நாங்கள் அப்பக்கமே நின்றுவிட்டோம். 2022-இல் திருப்பதியே தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது. எங்கள் பாட்டனார் ஒரே திண்ணையில் உட்கார்ந்தபடியே இரண்டு மாநிலங்களைப் பார்த்தார். வீட்டுக்குள் தமிழ், வாசற்படிக்கு வெளியே தெலுங்கு என்பது எங்கள் வழக்கு. தந்தையைக்கூட அப்பா என்று அழைக்க மாட்டோம். அந்தப் பக்கத்து வழக்கப்படி நைனா என்போம். நைனா படித்தது தெலுங்குப் பள்ளியில். தமிழ் எழுத்துகளை அவருக்கு அடுப்பங்கரையில் சாம்பலைப் பரப்பி, அதில் விரலால் எழுதிக் காட்டிக் கற்பித்தவர் எங்கள் பாட்டியார். காகிதத்தில் காணும் பிழைகளுக்குக் காரணம் அதுவே.

நைனாவின் தொழில் வண்டி பழுது பார்ப்பது. திருப்பதிக்கும் திருச்சானூருக்கும் இடைப்பட்ட சாலையோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அவருடைய பட்டறை. டிராக்டரின் பின்புறத் தூக்கி, டிப்பர் லாரியின் தொட்டி, ஜீப்பின் பிரேக்கு ஆகியவையே அவர் கைக்கு வந்தவை. திருமலைக்கு ஏறும் முதல் மலைச்சாலை 1944-இலும் இரண்டாம் சாலை 1974-இலும் திறக்கப்பட்டன. அவற்றின் வழியே ஏறி இறங்கும் வேன்களும் கார்களும் பிரேக்குப் பிடிக்கவில்லை என்று நைனாவின் வாசலில் வந்து நிற்கும். பிரேக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நெடும் இறக்கத்தில் விடாது மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தருகே சூடு ஏறும். ஈரமேறிய எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். எண்ணெயை அமுக்கினால் அது சுருங்காது. குமிழை அமுக்கினால் சுருங்கிவிடும். மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. இதை எங்களுக்குச் சிறு வயதிலேயே நைனா சொல்லியிருக்கிறார். "எண்ணெய் பொய் சொல்லாது, நடுவிலே புகுந்த காத்துதான் பொய் சொல்லும்" என்பது அவர் வாக்கு.

பின்னாளில் கல்லூரியில் பாஸ்கல் விதியைப் படித்தோம். அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பதே அவ்விதி. பாஸ்கல் மறைந்த மறு ஆண்டான 1663-இல் அவருடைய அந்நூல் வெளிவந்தது. ஒரு பங்கு பரப்புள்ள சிறிய உந்துதண்டில் 10 கிலோ எடையை வைத்தால், பத்துப் பங்கு பரப்புள்ள பெரிய தண்டு 100 கிலோவைத் தூக்கும். ஆனால் பத்தில் ஒரு பங்கு தூரமே நகரும். பெறுகின்ற வலிமைக்குத் தூரத்தால் விலை கொடுத்தாக வேண்டும். 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா இவ்விதியைக் கொண்டு அழுத்தப்பொறி செய்து காப்புரிமை பெற்றார். அந்தப் பொறியின் உயிர்நிலை, தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் காக்கும் தோல் வளையமே. எங்கள் தெருக் குழாயடியில் இந்தியா மார்க் இரண்டு கைப்பம்பு ஒன்று இருந்தது. அதன் தோல் வாஷர் தேய்ந்தபோதெல்லாம் நைனாதான் மாற்றிப் போடுவார். பிராமாவின் பெயரை அவர் கேட்டதில்லை. ஆனால் பிராமாவின் சிக்கல் என்ன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

கடல் கடந்து மிச்சிகன் மாநிலத்தில் குடியேறிய நாங்கள், பல ஆண்டுகள் பணம் சேர்த்துப் பழைய கேம்பர் ஒன்றை வாங்கினோம். ஓடும் வீடு அது. அடுப்பு, படுக்கை, குளியலறை எல்லாம் உண்டு. அதன் சிறப்பு பக்கவாட்டில் வெளியே நீளும் அறை. ஓடும்போது அறை வண்டிக்குள் ஒடுங்கியிருக்கும். நிறுத்திய பின் பொத்தானை அழுத்தினால் பக்கச் சுவரே வெளியே நகர்ந்து கூடம் அகலமாகும். இந்நாட்டில் இத்தகைய வண்டிகள் பெரும்பாலும் இந்தியானா மாநிலத்து எல்கார்ட்டு நகரைச் சுற்றியே உருவாகின்றன. வீட்டு வண்டியில் இந்த நகரும் அறையை 1990-ஆம் ஆண்டளவில் முதலில் கொண்டுவந்தது அப்பகுதியின் நியூமார் நிறுவனம் என்பர். சில வண்டிகளில் அறையை மின்மோட்டாரும் பற்சக்கரமும் நேராகத் தள்ளும். எங்கள் வண்டியில் எண்ணெயழுத்தமே தள்ளும். 12 வோல்ட்டு மோட்டார் ஒன்று பம்பைச் சுழற்றும். பம்பு தொட்டியிலுள்ள எண்ணெயை வால்வு வழியே ஓஸ்களில் செலுத்தும். உருளைக்குள் இருக்கும் தண்டு நீண்டு அறையை வெளியே தள்ளும். உள்ளே இழுக்க எண்ணெய் மறுபக்கத்தில் நுழையும். டிராக்டரின் தூக்கிக்கும் இதற்கும் உறவுமுறையில் அதிக தூரம் இல்லை.

2016-ஆம் ஆண்டு கோடையில் நைனாவும் அம்மாவும் எங்களிடம் வந்தார்கள். வந்த முதல் வாரத்திலேயே சமையலறைக் குழாய் சொட்டுவதைக் கண்ட நைனா, ஸ்பானர் எங்கே என்று கேட்டார். "இங்கே அதுக்கெல்லாம் ஆள் வருவாங்க நைனா. நீங்க சும்மா இருங்க" என்றோம். அன்போடுதான் சொன்னோம். ஐம்பது ஆண்டுகள் உழைத்த கைகளுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்தே சொன்னோம். அவரும் சும்மா இருந்தார். அடுத்த நாளும் சும்மா இருந்தார். புல்வெட்டும் பொறி இரைந்து நின்றபோது எழுந்து வந்தார்; எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அக்டோபர் வரை அவர் சன்னலருகே நாற்காலியில் அமர்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு குறைந்தது, உணவும் குறைந்தது. ஊர் நினைவு என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். "கார்த்திகைக்கு முன்னே போய்ச் சேர்ந்திடணும்" என்று மட்டும் அடிக்கடி சொல்வார். திருச்சானூரில் கார்த்திகைப் பிரம்மோற்சவத்தின் நிறைவு நாளில் பஞ்சமி தீர்த்தம். திருமலையிலிருந்து தாயாருக்குச் சீர் வரும். குளத்தில் சக்கர நீராட்டு நடக்கும். பல்லாயிரவர் ஒரே வேளையில் மூழ்கி எழுவர். நினைவு தெரிந்த நாள்முதல் நைனா அதைத் தவறவிட்டதில்லை.

அவர்கள் புறப்படும் முன் ஒரு பயணம் போய்வரலாம் என்று வண்டியை எடுத்தோம். பிட்சுபர்க்கில் 1970-களின் பிற்பகுதியில் எழுந்த திருவேங்கடவன் கோயிலில் வழிபட்டோம். அங்கே தாயார் சன்னதியின் முன் அம்மா நெடுநேரம் நின்றார். திரும்பும் வழியில் பென்சில்வேனியாவின் அலகேனிக் காட்டில் ஓர் இரவு தங்கினோம். மின் இணைப்பு இல்லாத தங்குமிடம் அது. மறுநாள் விடிந்ததும் கிளம்பி வீடு சேர வேண்டும். அதற்கு அடுத்த நாள் மாலை டெட்ராய்ட்டிலிருந்து பெற்றோருக்கு விமானம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இரவு கடுங்குளிர். விடிகையில் புல்லின்மேல் உறைபனி படிந்திருந்தது. தேநீர் குடித்து முடித்து, அறையை உள்ளே இழுப்பதற்குப் பொத்தானை அழுத்தினோம். 'டக்' என்று ஓர் ஒலி. அவ்வளவுதான். மீண்டும் அழுத்தினோம், மீண்டும் 'டக்'. அறை அசையவில்லை. வண்டியின் பக்கத்திலிருந்து பெட்டிபோல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அறையோடு சாலையில் ஓட்டவே இயலாது. ஒரு மரத்தையோ எதிரே வரும் வண்டியையோ அது பெயர்த்தெடுத்துவிடும்.

நாங்கள் பொறியியல் படித்தவர்கள் அல்லவா? படித்தவர்கள் செய்யும் பிழைகளை வரிசையாகச் செய்தோம். பொத்தானை முப்பது முறையாவது அழுத்தியிருப்போம். பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தோம். 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மின்சாரத்தில் குறையில்லை என்று முடிவு செய்தோம். பம்பு கெட்டுவிட்டது என்று அடுத்த முடிவு. எண்ணெய்த் தொட்டியைத் திறந்தால் மட்டம் தாழ்ந்திருந்தது. இதுதான் காரணம் என்று கையிருப்பிலிருந்த எண்ணெயை அரை லிட்டருக்கு மேல் ஊற்றினோம். பின்னரும் 'டக்' ஒன்றே விடை. அருகிலிருந்த ஊரின் பழுதுநிலையம் ஒன்றைத் தொலைபேசியில் அழைத்தோம். மூன்று நாள் கழித்துத்தான் ஆள் அனுப்ப முடியும் என்றார்கள். விமானம் முப்பத்தைந்து மணி நேரத்தில். துணைவியார் பயணச்சீட்டை மாற்றுவதற்கு என்ன செலவாகும் என்று பார்க்கத் தொடங்கினார். பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பஞ்சமிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார் என்பது மட்டும் தெரிந்தது.

நைனா சற்றுத் தள்ளிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. வெகுநேரம் கழித்துத் தயக்கத்தோடு கேட்டார்.

"தம்பி, நான் ஒண்ணு கேக்கலாமா?"

அந்தக் கேள்வியின் பணிவு இன்றும் எங்களை உறுத்துகிறது. பட்டறையில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்கியவர், மகனிடம் பேசுவதற்கு அனுமதி கேட்டார்.

"பேட்டரி பாத்தியா?"

"பாத்தாச்சு நைனா. பன்னெண்டுக்கு மேலே காட்டுது."

"சும்மா இருக்கிறப்போ எல்லாம் காட்டும். பாரம் ஏத்திப் பாரு."

பிள்ளைகளில் ஒருத்தி பொத்தானை அழுத்த, நாங்கள் மோட்டாரின் முனைகளில் மீட்டரைப் பிடித்தோம். 'டக்' ஒலித்த கணத்தில் முள் ஏழுக்குக் கீழே விழுந்தது. நைனா தலையசைத்தார். ஒலி வந்தது என்றால் சுவிட்சும் சொலினாய்டின் சுருளும் வேலை செய்கின்றன. மோட்டார் சுழலவில்லை என்றால் அதற்குப் போதிய மின்னோட்டம் வரவில்லை. வராமல் போவதற்குப் பேட்டரியின் சோர்வோ, வழியில் ஓரிடத்துத் தடையோ, சொலினாய்டின் தொடுமுனைகள் கருகியதோ காரணமாகலாம். அதைக் கண்டுபிடிக்காமல் பம்பைக் குறைசொல்லக் கூடாது. இதையெல்லாம் அவர் நீட்டி முழக்கவில்லை. பேட்டரியில் நேராக மீட்டரை வைத்து மறுபடி அழுத்தச் சொன்னார்; பத்தைத் தாண்டி நின்றது. இரவு முழுதும் வெப்பக்காற்று விசிறி ஓடியதால் பேட்டரி பாதி களைத்திருந்தது என்பது உண்மையே. ஆனால் அங்கே பத்து, மோட்டாரில் ஏழு என்றால் இடையிலே மூன்று எங்கே போயிற்று?

"எர்த்தைப் பாரு" என்றார்.

முப்பது முறை அழுத்தியதில் ஒரு நன்மை விளைந்திருந்தது. பேட்டரியை முதலில் கழற்றச் செய்துவிட்டு நைனா குனிந்து, சட்டத்தோடு பிணைத்த எர்த்துக் கம்பியின் காதைப் புறங்கையால் தொட்டார். அந்தக் குளிரிலும் அது சூடாக இருந்தது. தடை உள்ள இடத்தில்தான் சூடு பிறக்கும். மிச்சிகன் மாநிலத்தில் பனிக்காலத்துச் சாலைகளில் உப்பைத் தூவுவார்கள். அந்த உப்பு அடியில் ஒட்டி, போல்ட்டின் கீழே பழுப்பு நிறத் துருவாகப் பூத்திருந்தது. நைனா தரையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தார். "நீங்க எழுந்திருங்க, நாங்க பண்றோம்" என்று சொல்ல வாயெடுத்தோம், ஏனோ சொல்லவில்லை. அவருடைய விரல்கள் சில ஆண்டுகளாகவே நடுங்கும். காப்பிக் கோப்பையை எடுக்கும்போது தளும்பும். அன்று ஸ்பானர் அந்தக் கைக்குள் வந்ததும் நடுக்கம் நின்றது என்று சொன்னால் அது கதை எழுதுவதாகிவிடும். நடுக்கம் இருந்தது. ஆனால் நடுங்கும் கை எப்படி ஒரு போல்ட்டைக் கழற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, உலோகம் பளபளக்கும்வரை உப்புத்தாளால் உரசி, இறுக முடுக்கினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

வண்டியின் எஞ்சினை ஓடவிடச் சொன்னார். ஓடும் எஞ்சின் பேட்டரிக்கு வலுவூட்டும். எல்லாம் முடிந்தது என்று பொத்தானுக்குப் போனோம். "நில்லு. எண்ணெய் ஊத்தினியே, எவ்வளவு?" என்றார். சொன்னோம். அவர் முகம் சுளித்தார். அறை வெளியே நீண்டிருக்கும்போது உருளைகள் எண்ணெயை வாங்கி வைத்திருக்கும்; ஆதலால் தொட்டியில் மட்டம் தாழ்ந்துதான் தெரியும். அறை உள்ளே வந்தால் அந்த எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். நாங்கள் ஊற்றியதும் அங்கே இருந்தால் அது எங்கே போகும்? மூடி வழியே பொங்கிப் பெட்டி முழுதும் வழியும். இத்தகைய வண்டிகளில் அறைகளையும் தாங்கும் கால்களையும் உள்ளே இழுத்த பின்பே எண்ணெய் மட்டம் பார்க்க வேண்டும் என்று கையேட்டில் அச்சிட்டிருந்ததைப் பிறகு படித்தோம். கையேட்டைப் படிக்காத நைனா டிராக்டரிலிருந்து அதை அறிந்திருந்தார். ஊற்றிய அளவை ஒரு குழாயால் உறிஞ்சி எடுத்த பின்பே விடை கொடுத்தார்.

பொத்தானை அழுத்தினோம். பம்பு இரைந்தது, அறை அசைந்தது. குளிரில் எண்ணெய் தடித்திருந்ததால் மெல்லத்தான் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு முழம் வந்திருக்கும், "நிறுத்து!" என்று நைனா கத்தினார். நான்கு மாதங்களில் நாங்கள் கேட்ட முதல் உரத்த குரல் அது. எங்களுக்கு எந்த மாறுதலும் தெரியவில்லை. பம்பின் குரல் கனத்தது என்றார் அவர். உள்ளே சென்று பார்த்தபோது, அறையின் தரைவிளிம்புக்கும் அலமாரிக்கும் இடையில் அம்மாவின் புளியோதரைத் தூக்கு சிக்கியிருந்தது. வழிக்கு என்று பின்னிரவில் எழுந்து கட்டியது. இன்னும் ஓர் அங்குலம் வந்திருந்தால் அலமாரி பெயர்ந்திருக்கும். எண்ணெய்க்கு அன்பும் தெரியாது, தூக்கும் தெரியாது. தூக்கில் ஒரு நெளிவோடு அது தப்பியது. அதன்பின் அறை முழுதும் உள்ளே வந்து, 'தம்' என்று பொருந்தி நின்றது. மணி பதினொன்று.

அன்று மதியம் சாலையோரத்தில் அந்தப் புளியோதரையைத் தின்றபோது நைனா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். ஓஸில் ஊசித்துளை விழுந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதைக் கையால் தேடாதே, அட்டையைப் பிடித்துத் தேடு என்றார். அறை தானாக மெல்ல நகர்ந்தால் உருளையின் சீலையும் வால்வையும் பார் என்றார். துள்ளித் துள்ளி நகர்ந்தால் எண்ணெயில் காற்றுப் புகுந்திருக்கும்; குறைவாயிருக்கிறதா என்று பார்த்து நிரப்பி, முழுதும் நீட்டி முழுதும் மடக்கிச் சிலமுறை ஓட்டிக் காற்றைத் தொட்டி வழியே வெளியேற்று என்றார். மோட்டார் அடியோடு செத்துப்போனால் கையால் இழுக்க ஒரு வழி வைத்திருப்பான், அது எங்கே இருக்கிறதென்று வெளிச்சம் இருக்கும்போதே தெரிந்துகொள் என்றார். நாங்கள் அன்றிரவே தேடினோம். பம்பு மோட்டாரின் முனையில் ஒரு மூடி; அதைக் கழற்றித் துளைப்பொறியால் சுழற்றலாம் என்று கையேடு சொல்லியது. காலையில் நாங்கள் அதைத் திறந்திருந்தால் துருப்பிடித்த எர்த்தோடேயே அறையை இழுத்திருக்கலாம். ஆனால் பழுது தீர்ந்திராது, நைனாவும் பேசியிருக்க மாட்டார்.

திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்பு அச்சும் எண்ணெயழுத்தத் தடையும் பொருத்திய செய்தியையும் அன்று அவர்தான் பிள்ளைகளுக்குச் சொன்னார். அத்துணைப் பெரிய தேரை இழுப்பதைவிட நிறுத்துவதுதான் அரிது. முட்டுக்கட்டை போடுவோரின் கையிலிருந்த அந்தத் திறத்திற்கு இன்று எண்ணெயும் துணை நிற்கிறது. "முட்டுக்கட்டைக்காரன் இப்பவும் கூடவே ஓடுறான்" என்று நைனா சேர்த்துச் சொன்னார்.

மறுநாள் காலை, விமானத்துக்குப் புறப்படும் முன், சமையலறையில் ஓசை கேட்டது. அந்தக் குழாய் நான்கு மாதமாகச் சொட்டிக்கொண்டேதான் இருந்தது. வருவார் என்று நாங்கள் சொன்ன ஆளை அழைக்கவே எங்களுக்கு நேரம் வாய்க்கவில்லை. நைனா அதைக் கழற்றி வைத்திருந்தார். நாங்கள் ஒன்றும் சொல்லாமல் அருகில் உட்கார்ந்து வாஷரை எடுத்துக் கொடுத்தோம். பிறகு அவர் ஒரு காகிதம் கேட்டார். தெலுங்கில் எழுதினால் அவருக்கு எளிது. எங்கள் பிள்ளைகளுக்குத் தெலுங்கு தெரியாது. சங்கத்துப் பள்ளியில் அவர்கள் தமிழ் படிக்கிறார்கள் என்பதால், பாட்டியார் சாம்பலில் கற்பித்த எழுத்துகளை நினைவுகூர்ந்து, ஒவ்வொன்றாகத் தமிழிலேயே எழுதினார். பிழைகளைத் திருத்தி இங்கே தருகிறோம்:

1. முதலில் பட்டனை விட்டுக் கையை எடு. சத்தத்தைக் கேள்.

2. சத்தமே இல்லை என்றால் கரண்டு. டக்கென்று நின்றால் பேட்டரி, எர்த்து. பம்பு ஓடியும் அசையவில்லை என்றால் எண்ணெய், வால்வு. அசைந்து நின்றால் தடை.

3. மீட்டரைச் சும்மா வைத்துப் பார்க்காதே. பாரம் ஏற்றிப் பார்.

4. ரூம் உள்ளே இருக்கும்போது எண்ணெய் பார்.

5. கசிவைக் கையால் தேடாதே. வண்டிக்குக் கீழே முட்டில்லாமல் போகாதே.

6. ரூமை இழுக்கும் முன் எல்லோரும் எங்கே நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொள்.

அவ்வாண்டு பஞ்சமி தீர்த்தத்தில் நைனா மூழ்கி எழுந்தார். அதன்பின் இரண்டு பஞ்சமிகளையும் கண்டார். 2019-இன் தொடக்கத்தில் மறைந்தார். அம்மா திருச்சானூரில்தான் இருக்கிறார். பட்டறையை வாங்கியவர் தகரத்தை மாற்றிவிட்டார் என்று சொன்னார்.

அன்பர்களே, எங்கள் இல்லங்களுக்கு வரும் முதியோரை நாம் மெத்தையில் உட்கார வைக்கிறோம், தொலைக்காட்சியைப் போட்டுக் கொடுக்கிறோம், குளிராமல் போர்த்துகிறோம். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் மூன்றாம் வரியை நாங்கள் படிக்கும்போதெல்லாம் அது பேட்டரியைப் பற்றியது மட்டும்தானா என்ற ஐயம் எழாமல் இல்லை. நைனாவைக் கேட்டால் பேட்டரியைப் பற்றித்தான் என்றிருப்பார்; அவர் வேறொன்றை வைத்து எழுதும் பழக்கம் உள்ளவர் அல்லர்.

வண்டி இன்னும் ஓடுகிறது. சென்ற ஆண்டு ஒரு சீலை மாற்றினோம். தங்குமிடத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு காலையிலும் இளைய மகள் அலமாரிக் கதவைத் திறந்து ஆறாம் வரியை உரக்கப் படிப்பாள். தாத்தா இட்ட பிழைகளோடேயேதான் படிப்பாள். பிறகு எல்லோரும் புல்வெளியில் வரிசையாக நிற்போம். அவள் எண்ணி முடித்துத் தலையசைத்த பின்பே பொத்தானில் கை வைப்போம்.